கோவளம் லாட்ஜின் நகராத வரி

அன்று விடைபெறும்போது ஃபிரேம் என்று நான் சொன்னதும் ஆபீஸ் பிள்ளைகள் உங்களில் இரண்டு பேர் சிரித்தீர்கள். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன், அவ்வளவுதான். சிரிக்க வேண்டிய விஷயம்தான் அது. ஒரு வலைப்பக்கத்தைத் துண்டுகளாக வெட்டி, மேலே கடைப் பெயருக்கு ஒரு துண்டு, இடப்பக்கம் பட்டியலுக்கு ஒரு துண்டு, நடுவில் விஷயத்துக்கு ஒரு துண்டு என்று தனித்தனிப் பக்கங்களைத் திரையில் ஒரே ஜன்னலில் ஒட்டி வைப்போம். நடுத் துண்டை மட்டும் மவுஸால் உருட்டிப் படிக்கலாம். மற்றவை அசையாமல் இருந்த இடத்தில் இருக்கும். அந்தக் காலத்தில் எங்களுக்கு அதுதான் பெரிய கெட்டிக்காரத்தனம். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று, கேக் வெட்டி முடித்ததும் உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உங்க சர்வீஸ்லயே ரொம்பக் கஷ்டமான புராஜெக்ட் எது?" ஏதாவது வங்கி, விமானக் கம்பெனி என்று பதில் வரும் என்று காத்திருந்தாள். கோவளத்தில் ஒரு லாட்ஜ் என்றேன். பாவம், அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், கட்டணம் கிடையாது.

நான் கோவில்பட்டிக்காரி. வீட்டுக்காரருக்கு அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை கிடைத்ததால் கல்பாக்கம் டவுன்ஷிப்புக்கு வந்து சேர்ந்தேன். பெண்கள் இருவரும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல், வலைப்பக்கம் எழுதுகிற ஹெச்.டி.எம்.எல். படித்தேன். செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் வேலை கிடைத்தது. எங்கள் முதலாளி அதற்கு முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தவர். மெஷின்களை விற்றுவிட்டுக் கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டு, பழைய பலகையில் பாதியை மட்டும் அழித்து "வெப் டிசைன்" என்று எழுதியிருந்தார். அவர், கருங்குழியிலிருந்து வரும் செல்வம் என்ற பையன், நான். மொத்தக் கம்பெனியும் அவ்வளவுதான். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்கள், ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலை லாட்ஜுகள், ஒன்றிரண்டு பள்ளிக்கூடங்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். எல்லோருக்கும் ஃபிரேம்தான். ஒரே சட்டையை அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பதுபோல் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சுனாமிக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு ஹமீது பாய் எங்களிடம் வந்தார். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் உள்ள கோவளத்தில் கடலைப் பார்த்த மாதிரி சின்ன லாட்ஜ் அவருடையது. அவர் கணக்கு வழக்கையும் அறைகளையும் பார்த்துக்கொள்வார். சமையலும் வருகிறவர்களை வரவேற்பதும் அவர் மனைவி நூர்ஜஹான். பாய் மற்றவர்களைப்போல் சுற்றுகிற எழுத்து, பறக்கிற கொடி எல்லாம் கேட்கவில்லை. படம், வாடகை, வழி, ஃபோன் நம்பர் போதும் என்றார். ஆனால் அடியில் இரண்டு வரி வேண்டும், அது நகரவே கூடாது என்றார். தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார்.

"இந்தக் கடல் இழுக்கும். கணுக்காலுக்கு மேல் இறங்காதீர்கள்."

முதலாளி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னா பாய் இது, கல்யாணப் பத்திரிகைல எழவு சேதி போட்டாப்பல கீது? கடலப் பாக்கத்தான வர்றான் கஸ்டமரு? இத்தப் பாத்தா பக்கத்து லாட்ஜுக்குப் பூடுவான்."

பாய் கோபப்படவில்லை. சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டே சொன்னார். "போன வருஷம் சேலத்துலேர்ந்து ஒரு புள்ள வந்துச்சு சார், சிநேகிதப் பசங்களோட. காலேஜ் முடிச்ச புள்ள. ரூமுல பைய வெச்ச கையோட கடலுக்கு ஓடிச்சு. என் வூட்டுக்காரி படியாண்ட நின்னுகினு சொன்னா. தம்பி, கால நனைச்சிக்கோ, உள்ள மட்டும் போவாத, இங்க இழுக்கும்னு. சரி ஆன்ட்டின்னு சிரிச்சிகினே போச்சு."

செல்வம்தான் கேட்டான், அப்புறம் என்ன ஆச்சு என்று.

"தெக்கால திருவிடந்தையாண்டதான் ஒடம்பு கெடச்சுது" என்றார் பாய்.

தாளில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "பீச்சுல போர்டு வெச்சிக்கீறேன். ஆனா அத்தப் பாக்கறப்ப அவங்க டிரஸ்ஸ மாத்திகினு, துண்ட தோள்ல போட்டுகினு வந்துடறாங்க. மனசு அப்பவே தண்ணிக்குள்ள பூடுது. அப்ப சொன்னா காதுல ஏறாது. வூட்ட வுட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். இந்த இன்டர்நெட்டுல போட்டா அது முடியும்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை என் பக்கம் நீட்டினார். அடியில் ஒரு துண்டு கூடுதலாக வெட்டி அந்த வரிகளைப் போட்டோம். சிவப்பில் போடலாமா என்று கேட்டேன். "சேப்பு வாணாம் தங்கச்சி, ஒரேடியா மெரண்டு வராமலே பூடுவாங்க. நானும் லாட்ஜு நடத்தணுமில்ல" என்றார். கருநீலத்தில் போட்டோம். அவர் எங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் கடைசி வரைக்கும் உருட்டி உருட்டிப் பார்த்தார். படங்களைப் பார்க்கவில்லை, அந்த வரி நகர்கிறதா என்று மட்டும் பார்த்தார். நகரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக ஒரு வாடிக்கையாளர் எங்கள் மாடிப்படியில் இறங்கிப் போய் நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அப்போது யார் கையிலும் இணையம் கிடையாது. ஊரில் உள்ள பிரௌசிங் சென்டருக்குப் போய், லாட்ஜைத் தேடிப் பிடித்து, அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருப்பார்கள். பஸ்ஸில் வழி கேட்பதும் அதைக் காட்டித்தான், லாட்ஜில் வந்து நிற்பதும் அதைக் காட்டித்தான். சினிமா டிக்கெட் மாதிரி அதை நீட்டுவார்கள் என்று நூர்ஜஹான் அக்கா சொல்லிச் சிரிப்பார்.

பல மாதம் ஓடிவிட்டது. டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் காலை, நான் அலுவலகத்துக்குப் போனபோது பாய் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே கிளம்பும்போது போடும் வெள்ளைச் சட்டை இல்லாமல், வீட்டில் கட்டும் கைலியோடு வந்திருந்தார். முதல் நாள் சாயங்காலம் ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம், அப்பா அம்மா இரண்டு பெண்கள். சின்னவளை அலை இழுத்துவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஓடிப்போய்த் தூக்கியதில் குழந்தை பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பேசுகிறாள், இட்லி கேட்டாளாம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார். நாங்கள் பயந்துவிடக் கூடாது என்று.

பிறகு ஈரம் பட்டுக் காய்ந்த மூன்று தாள்களை மேஜைமேல் பிரித்து வைத்தார்.

"இதான் அவங்க கையில இருந்துச்சு. மூணு பக்கமும் பாத்துட்டேன். நான் சொன்ன வார்த்த இதுல எங்க கீது தங்கச்சி?"

நான் தாள்களைப் புரட்டினேன். அறைகளின் படம் இருந்தது. ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. வாடகை, வழி, ஃபோன் நம்பர் எல்லாம் இருந்தன. அந்த வரி இல்லை.

அவர் குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே அது எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். என் சின்னவளுக்கும் ஏறக்குறைய அந்தக் குழந்தையின் வயதுதான். ஒரு டீ வாங்கிவரச் சொல்லி செல்வத்தை அனுப்பினேன், நான் கண்ணைத் துடைத்துக்கொள்ள.

எங்கே போயிற்று என்பது அரை மணி நேரத்தில் விளங்கியது. நாங்கள் எப்போதும் முகவரியை அடித்து முகப்புப் பக்கத்தைத் திறந்து, வாசல் வழியாக மரியாதையாக உள்ளே போய்ப் பார்த்தவர்கள். பாயும் அப்படியே பார்த்தார். ஈரோட்டுக்காரர் தேடுபொறியில் "கோவளம், கடலோர அறை" என்று தேடியிருக்கிறார். அது நேரே நடுத் துண்டை மட்டும் எடுத்து அவர் முன்னால் போட்டுவிட்டது. மேல் துண்டு, பக்கத் துண்டு, அடித் துண்டு எதுவும் கூட வரவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்த வரி உலகத்திலேயே இல்லை. அப்படியே முகப்பு வழியாக வந்திருந்தாலும் பிரிண்ட் எடுக்கும்போது நடுத் துண்டுதான் அச்சாகும். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றியதே இல்லை. திரையில் நகராமல் நின்ற வரி, தாளில் ஏறவே இல்லை.

பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. காணும் பொங்கல் அன்று அந்தக் கடற்கரைக்கு எத்தனை கூட்டம் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் சரிசெய்து தருகிறேன் என்று பாயிடம் சொன்னேன். முதலாளி என்னைப் பார்த்தார். யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தாய் என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

பாய் போன பிறகு பஞ்சாயத்து நடந்தது. முதலாளி சொன்னது: "எல்லாப் பக்கத்துலயும் கடைசில அந்த ரெண்டு வரியச் சேத்து வுடு. வேல முடிஞ்சுது." கடைசி வரைக்கும் உருட்டிப் படிக்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை என்றேன். செல்வம், பக்கம் திறந்ததும் ஒரு பெட்டி குதித்து வந்து எச்சரிக்கட்டும் என்றான்.

"அந்தப் பொட்டி வந்தா நீ என்னடா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஓகே அமுக்கிட்டுப் பூடுவேன்."

"அதுல என்ன எழுதியிருக்கும்னு படிப்பியா?"

"அத்த யாருக்கா படிச்சிகினு இருப்பான்" என்றான். அவன் யோசனையை அவனே சாகடித்தான்.

எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் இருந்தது. ஃபிரேமையே பிடுங்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் தனக்குத்தானே முழுசாக ஆக்குவது. பெயரும், பட்டியலும், அறையும், அந்த வரியும் ஒரே பக்கத்துக்குள் இருக்க வேண்டும். யார் எந்த வழியாக எகிறிக் குதித்து வந்தாலும் எல்லாம் சேர்ந்துதான் கண்ணில் படும். வரி நகரக் கூடாது என்பதற்கு, முழுப் பக்கத்தையும் ஜன்னல் உயரத்துக்கு நிறுத்திவிட்டு நடுப் பெட்டியை மட்டும் தனியாக உருளவிடுவது. பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற சி.எஸ்.எஸ்.ஸில் அது முடியும் என்று படித்திருந்தேன், செய்து பார்த்ததில்லை. எங்கள் ஊரில் செய்தவர் எவரும் இருந்ததாகவும் தெரியவில்லை.

"ஒருத்தருக்குப் பண்ணா ஈ.சி.ஆர். பூரா வந்து எனக்கும் பண்ணுன்னு நிப்பான்" என்றார் முதலாளி. பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி பண்ணித் தொல. பொங்கலுக்குள்ள" என்றார். அந்த மனிதருக்கு வாய்தான் காரம்.

அதைச் செய்து முடித்த கதையைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். ஒரு பிரௌசரில் ஒழுங்காக நின்ற பெட்டி இன்னொன்றில் தரையில் உருண்டு அழுதது. அதைச் சமாதானப்படுத்தினால் முதலாவது முறைத்துக்கொண்டது. செல்வம் மாமல்லபுரத்தில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போய், அங்கிருந்த பழைய சின்னத் திரைகளில் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, படிக்கற எடம் சோப்புப் பொட்டி சைசுல கீது" என்றான். எழுத்தைக் குறைத்தோம், வரி நிற்கும் பட்டையை ஒல்லியாக்கினோம். போகிக்கு முந்தின வாரம் எல்லாம் சரியாக நின்றது. உருட்டினால் நடுப்பகுதி மட்டும் உருண்டது. வரி அசையவில்லை. முதலாளியே உருட்டிப் பார்த்துவிட்டு, இணையத்தில் ஏற்றிவிடு என்றார்.

அந்த இடத்தில்தான் நான் ஒரு நிமிஷம் நின்றேன். பெரிய ஞானம் எல்லாம் இல்லை. அந்த மூன்று தாள்களும் இன்னும் என் மேஜையில்தான் கிடந்தன. பிரிண்ட் கொடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு தாள் வந்தது. திரையில் எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுதான் அச்சாகி, இரண்டாவது அறையின் கட்டில் பாதியோடு நின்றிருந்தது. உருளும் பெட்டிக்குள் மறைந்திருந்த மிச்சம், அதாவது வாடகையும் வழியும் ஃபோன் நம்பரும், தாளுக்கு வரவே இல்லை. அடியில் பாயின் வரி மட்டும் அழகாக இருந்தது.

"அவரு கேட்டது வந்துச்சில்ல? ஏத்து" என்றார் முதலாளி. விடுமுறைக்கு முன் இரண்டு சிற்பக்கூடத்து வேலை பாக்கி இருந்தது, அவர் அவசரம் அவருக்கு.

சொன்னதைச் செய்தாகிவிட்டது. சட்டப்படி எங்கள்மேல் குற்றம் இல்லை. ஆனால் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை நினைத்துப் பார்த்தேன். அவருக்கு வேண்டியது வழியும் ஃபோன் நம்பரும். தாளில் அவை இல்லையென்றால் என்ன செய்வார்? அதை மட்டும் மவுஸால் தடவி எடுத்து வேறு பக்கத்தில் ஒட்டி பிரிண்ட் எடுப்பார், அல்லது பேனாவால் கையில் எழுதிக்கொள்வார். பாயின் வரி மேஜைமேல் கிடக்கும். யாரும் எச்சரிக்கையை வேண்டும் என்று கையில் எடுத்துக்கொண்டு போவதில்லை. அது அவர்களுக்கு வேண்டிய ஒன்றோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும். இன்று ஏற்ற மாட்டேன் என்றேன். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

அச்சுக்கு மட்டும் வேறு விதி எழுதலாம் என்று தெரிந்தது. திரையில் கட்டிப்போட்ட பெட்டியைத் தாளில் அவிழ்த்துவிட்டால் எல்லாம் முழுசாக அச்சாகும். அது சுலபம். தாளில் அந்த வரி எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. திரையில் அடியில் நின்றது. தாளுக்கு அடி எது? முதல் தாளின் தலையிலா, கடைசித் தாளின் காலிலா? செல்வம் தலை என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் செங்கல்பட்டுக்குப் போகாமல் கல்பாக்கத்திலிருந்தே ஈ.சி.ஆர். பஸ் பிடித்துக் கோவளத்தில் இறங்கினேன்.

நூர்ஜஹான் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாள்களை வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் லாட்ஜ் வாசலில் நின்று எத்தனையோ பேர் கையில் அந்தத் தாளைப் பார்த்தவர்.

"பஸ்ஸ வுட்டு எறங்கினதும் எந்தப் பக்கம் போவணும்னு பாப்பாங்கல்ல? வழி போட்ட எடத்த மேல தெரியறாப்பல மடிச்சி கையில வெச்சிகினு வருவாங்க. மத்தத எவனும் பாக்கறதில்ல கண்ணு. அங்க போடு. வழிக்குப் பக்கத்துலயே போடு" என்றார். "கடல் எங்க கீதுன்னு சொல்றப்பவே, கடல் எப்படின்னும் சொல்லிடு."

வழிக்குப் பக்கத்திலேயே போட்டேன். போகிக்கு முந்தின நாள் ஏற்றினோம். பாய் வந்து பிரிண்ட் எடுத்து, மடித்துப் பார்த்து, பையில் வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தார். வழி தெரிகிற மாதிரி எப்படி மடித்தாலும் வரியும் கண்ணில் பட்டது.

உங்களுக்கு இதில் பாடம் வேண்டும் என்று தெரியும். நீங்கள் குறிப்பெடுக்கிற பிள்ளைகள். எந்தப் பெட்டி உருளலாம், எது உருளக் கூடாது என்பது வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை. அது நகராமல் நிற்பதால் யாருக்கு என்ன ஆகிறது, நகர்ந்துபோனால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் எப்போதும் நுழைகிற வழியை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் நுழைகிற வழியில் ஒரு தடவை நுழைந்து பாருங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பாடத்துக்காக மட்டும் நான் அந்த லாட்ஜைக் கஷ்டமான வேலை என்று சொல்லவில்லை. இனிமேல் வருவதற்காகத்தான் சொன்னேன்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், எப்படிப் போயிற்று என்று பார்க்கக் கோவளம் போனேன். காலை நாஸ்தா பண்ணாமல் விட மாட்டேன் என்று அக்கா உட்காரவைத்துவிட்டார். பாய் வரவேற்பு மேஜையில் இருந்தார். இரண்டு பார்ட்டி ஃபோன் பண்ணி, கடல் அப்படி என்றால் நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பக்கத்து லாட்ஜுக்காரர் இவரால் ஊர்ப் பெயரே கெடுகிறது என்று முறைக்கிறாராம்.

"முறைக்கட்டும். வந்தவங்க எல்லாம் ஓரமாவே நின்னாங்க தங்கச்சி. ஒரு அப்பா பசங்கள வரிசையா நிக்க வெச்சி, கணுக்கால் இதாண்டான்னு தொட்டுக் காட்டிகினு இருந்தாரு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

ஃபோன் அடித்தது. பாய் ஒரு விருந்தாளிக்குச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். ஒரு அம்மா பேசினார்.

"ஹமீதுங்கறவரு இருக்காருங்களா? சேலத்துலேர்ந்து பேசறேன். என் பையன் உங்க லாட்ஜுல வந்து தங்குனானுங்க. ரெண்டு வருஷம் ஆகப்போவுது."

ரிசீவரை நீட்டி, "சேலம், பாய்" என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. சமையலறை வாசலில் அக்கா வந்து நின்றார்.

கடல் இரைச்சலுக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்த ஃபோன் அது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும். அந்த அம்மா நிதானமாகவே பேசினார், ரொம்ப நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்தவரைப்போல.

"அவன் கடைசியா இருந்த ரூமு எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சுங்க. பொண்ணு கம்ப்யூட்டர்ல உங்க லாட்ஜு பேரப் போட்டா. கட்டிலு, ஜன்னலு எல்லாம் வந்துச்சு. அடியில ஒண்ணு எழுதியிருக்கு. எவ்வளவு தள்ளினாலும் அது போகாம அங்கயே நிக்குதுங்க."

"ஆமாம்மா" என்றார் பாய்.

"அப்ப அவனுக்கும் இதச் சொன்னீங்களா?"

பாய் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்ல, எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். அவங்கப்பா சொல்றாரு, யாராவது சொல்லித்தான் இருப்பாங்க, இவன் கேட்டிருக்க மாட்டான்னு. சொல் பேச்சுக் கேக்காத பையன்னு இன்னமும் திட்டறாருங்க. இல்லாத பையனத் திட்டறாரு. அதான் கேக்கறேன். சொன்னீங்களா?"

பாய் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். படியில் நின்று அந்தப் பையனிடம் சொன்னது அக்காதான். இரண்டு வருஷமாக அக்காவுக்கு இருந்த ஒரே ஆறுதலும், நாம் சொன்னோம் என்பதுதான். அக்கா மெல்லத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

"இல்லம்மா" என்றார் பாய். "அப்ப எழுதி வெக்கல. வாயாலயும் யாரும் சொல்லல. நாங்கதான் வுட்டுட்டோம். சொல்லியிருந்தா கேட்டிருக்கும்மா உங்க புள்ள."

"அதானுங்க" என்றார் அந்த அம்மா. குரல் உடைந்திருந்தது, ஆனால் அதில் ஒரு நிம்மதி இருந்தது, என் காதால் கேட்டேன். "எது சொன்னாலும் கேப்பானுங்க அவன். நான் அவருகிட்ட சொல்றேன். யாரும் சொல்லலயாம்னு சொல்றேன்."

ஃபோன் வைக்கப்பட்ட பிறகும் பாய் ரிசீவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா வந்து அதை வாங்கி அதன் இடத்தில் வைத்தார். கணவரின் தோளில் ஒரு நிமிஷம் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நல்லதாத்தான் சொன்ன" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பி, மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.